ஒரு பழைய காரும் இரண்டு தேதிகளும்

சரக்கு வண்டியைக் காண்பவர் பலர். அதன்மேல் எழுதியிருப்பதைப் படிப்பவர் சிலர். நாம் அந்தச் சிலரைச் சேர்ந்தவர். பிழைப்பு அப்படி அமைந்துவிட்டது. ஒவ்வொரு வேகனின் பக்கத்திலும் பதினோரு இலக்கம் கொண்ட எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் அது எவ்வகை வேகன் என்று கூறும். அடுத்த இரண்டு, அது எந்த ரெயில்வேக்கு உரியது என்பது. அதற்கடுத்த இரண்டு, அது செய்யப்பட்ட ஆண்டு. பின் நான்கும் தொடர் எண். கடைசி இலக்கம், முன்னுள்ள பத்தும் பிழையின்றி எழுதப்பட்டனவா என்று கணக்கிட்டுப் பார்ப்பதற்காக வைத்தது. அவ்வெண்ணுக்கு அருகிலேயே, எந்தப் பணிமனையில் எப்போது பழுது பார்த்தார்கள், மறுபடி எப்போது பார்க்க வேண்டும் என்பதையும் சாயத்தால் எழுதி வைத்திருப்பார்கள். பழுது பார்த்ததை மறைக்கும் வழக்கம் ரெயில்வேயில் கிடையாது. உரிய காலத்தில் பழுது பார்க்காமல் விட்டால்தான் கேள்வி வரும்.

மோட்டார் கார் பற்றி எழுதப் புகுந்தவர் வேகனில் தொடங்குவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் உண்டு, சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

நம் மைத்துனர் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் எஞ்சினீயராக இருக்கிறார். இந்த நாகபுரியில், ரெயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். நம் மாமனார் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து மறைந்தார். மகனுக்கு அவர் விட்டுச் சென்ற சொத்து இயந்திரங்களின்மேல் ஆசை ஒன்றுதான். பள்ளி நாட்களில் மைத்துனர் தம் படுக்கைக்கு மேலே ஒரு காரின் படத்தை ஒட்டி வைத்திருந்தார் என்று நம் இல்லத்தரசி சொல்வதுண்டு. சிவப்பு நிறம், மீனைப் போன்ற முகம், பின்கண்ணாடி நடுவே பிளந்து இரண்டாக இருக்கும். அதன் பெயர்கூட அந்நாளில் வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.

சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, அதே காரின் படங்கள் நாற்பதுக்குக் குறையாமல் நம் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தன. மிசௌரி மாநிலத்தில் ஒரு முதியவர் விற்பனைக்கு விளம்பரம் செய்திருக்கிறார். 1963ஆம் ஆண்டு ஷெவர்லே கார்வெட் ஸ்டிங் ரே. முற்றிலும் பழுது நீக்கிப் புதுப்பித்தது. ‘எண்கள் எல்லாம் பொருந்தும் அசல் வண்டி’ என்பது விளம்பர வாசகம். படங்களின் கீழே மைத்துனர் எழுதியிருந்தார்: “அத்தான், நீங்கள் எண்ணைப் பார்த்தே வேகனின் ஜாதகம் சொல்பவர். இதையும் பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.”

அம்மாவிடம் ஏன் சொல்லக் கூடாது? அதில்தான் செய்தி இருக்கிறது. அத்தை நம்மோடு இருக்கிறார். முழங்கால் வலியால் படியேற முடியாது. மைத்துனர் இப்போது இருப்பதோ மாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்திலேயே ஓர் அறை உள்ள வீடாகப் பார்த்து வாங்கி, ஆண்டில் சில மாதங்களாவது தாயைத் தம்மோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று மூன்றாண்டுகளாகப் பணம் சேர்த்து வருகிறார். இந்தக் காரை வாங்கினால் அத்தொகை அப்படியே போவதோடு, மேற்கொண்டு கடனும் வாங்க வேண்டும். 1963இல் நாலாயிரத்து இருநூறு டாலருக்குச் சற்று மேற்பட்ட விலையில் விற்ற வண்டி, இன்று நல்ல நிலையில் இருந்தால் ஓர் இலட்சம் டாலரைத் தாண்டுகிறது. அதை ரூபாயாக மாற்றிப் பார்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டோம். இரவில் செய்யத்தக்க கணக்கன்று அது.

வேண்டாம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டிருக்கலாம். ஆனால் அவர் நம்மிடம் கேட்டது அறிவுரையன்று. எண்களைப் பார்த்துச் சொல்லுமாறு கேட்டார். கேட்டதைச் செய்வதே முறை. அவர் அனுப்பிய வழிகாட்டிப் பக்கங்களை வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்தபின் ஒரு வாரம் இரவில் படித்தோம். நாம் மெட்ரிக்கோடு நின்றவர். ஆயினும் எண்களைப் படிக்கப் பட்டம் தேவையில்லை அன்றோ?

படிக்கப் படிக்க, அந்த வண்டியின் வரலாறே நம்மைக் கவர்ந்தது. 1953 ஜனவரியில் நியூயார்க்கில் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் நடத்திய கண்காட்சியில்தான் கார்வெட் முதலில் தோன்றியது. கார்வெட் என்பது சிறு போர்க்கப்பல் ஒன்றின் பெயர். அவ்வாண்டு ஃபிளின்ட் நகரில் முந்நூறே வண்டிகள் செய்தார்கள். முந்நூறும் வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. உடல் இரும்புத் தகட்டால் ஆனதன்று. கண்ணாடி இழையைப் பிசினோடு சேர்த்து வார்த்தது. காண அழகாயிருந்ததேயன்றி ஓட்டத்தில் பெருமை இல்லை. ஆறு சிலிண்டர் எஞ்சினும் இரண்டே கியர் கொண்ட தானியங்கிப் பெட்டியும்தான். மறு ஆண்டு செயின்ட் லூயிஸ் நகருக்குத் தொழிலை மாற்றி 3,640 வண்டிகள் செய்தார்கள். அவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆண்டு முடிவில் விலைபோகாமல் நின்றது. 1955இல் 700 வண்டிகளே செய்தார்கள். அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டியது.

முடியாமல் காத்தவர்களில் முதல்வராகச் சொல்லப்படுபவர் சோரா ஆர்க்கஸ்-டன்டாவ் என்னும் எஞ்சினீயர். பெல்ஜியத்தில் ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்து, நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்து குடியேறியவர். நியூயார்க் கண்காட்சியில் அந்த வண்டியைக் கண்டு மயங்கி, அந்நிறுவனத்திலேயே வேலை தேடிச் சேர்ந்தார். எட்டுச் சிலிண்டர் எஞ்சின் 1955இல் வந்தது. அதன்பின் ஆண்டுக்காண்டு வேகம் கூடியது. பிறந்த ஊரில் இல்லாதவர் ஒருவர், வந்த ஊரின் பொருளை அவ்வூராரைவிட மிகுதியாக நேசித்தார் என்பது நமக்கு வியப்பாகத் தோன்றவில்லை. இந்தப் பக்கங்களைப் படிக்கும் குடும்பங்களுக்கும் தோன்றாது.

1963இல் வந்த புதிய உருவுக்குத்தான் ஸ்டிங் ரே என்று பெயர். அது திருக்கை மீனைக் குறிக்கும் சொல். விளக்குகள் பகலில் முகத்துக்குள் மறைந்திருந்து, வேண்டும்போது சுழன்று வெளிவரும். பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே மேடுபள்ளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். அவற்றைத் தாங்குவது குறுக்கே கிடக்கும் பட்டைவில் ஒன்று. பட்டைவில் என்றதும் நமக்கு நெருக்கம் வந்துவிட்டது. எத்தனை பழைய வேகன்களின் அடியில் அதைப் பார்த்திருக்கிறோம்! இவ்வளவும் இருக்க, ஊரார் பேசியதெல்லாம் பின்கண்ணாடியைப் பற்றியே. கூரையின் நடுவே ஓடும் முதுகெலும்பு போன்ற வரி, கண்ணாடியையும் இரண்டாகப் பிளந்து இறங்கும். வடிவமைப்புத் தலைவர் பில் மிட்செல் அது இருந்தே தீர வேண்டும் என்றார். பின்னால் வருவது தெரியாது என்று டன்டாவ் எதிர்த்தார். 1963இல் மிட்செல் வென்றார். 1964இல் கண்ணாடி ஒன்றாகிவிட்டது. அவ்வோராண்டில் செய்த 21,513 வண்டிகளில் கூரையுள்ளவை 10,594. அவற்றுக்கு மட்டுமே அந்தப் பிளவு உண்டு. அந்நாளில் சிலர், தம் வண்டி பழைய மாதிரியாகத் தெரியக் கூடாதென்று நடுத்தண்டை அறுத்தெறிந்துவிட்டு, 1964ஆம் ஆண்டுக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டார்கள். இன்று வண்டியின் விலையே அந்தத் தண்டில்தான் இருக்கிறது.

இனி, புதுப்பித்தல் என்பது அங்கே எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். நம் ஊரில் பழைய பொருளைப் புதுப்பித்தால் பளபளவென்று இருக்க வேண்டும் என்போம். அங்கே 1974 முதல் கார்வெட் புதுப்பிப்போருக்கென்றே ஒரு தேசியச் சங்கம் இயங்கி வருகிறது. அதன் நடுவர்கள் வண்டியைப் பகுதி பகுதியாகப் பார்த்து மதிப்பெண் இடுகிறார்கள். நூற்றுக்கு 94க்கு மேல் பெற்றால் முதல் தரம். அழகாக இருக்கிறதா என்பது அவர்கள் கேள்வியன்று. ஆலையைவிட்டு வெளிவந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருக்கிறதா என்பதே கேள்வி. ஆலையில் சாயம் தெளித்தபோது வேண்டாத இடத்தில் கொஞ்சம் சிதறியிருந்தால், புதுப்பித்த வண்டியிலும் அங்கே சிதறியிருக்க வேண்டும். ஆலையைவிட நேர்த்தியாகச் செய்துவிட்டால் மதிப்பெண் குறையும்! முதலில் நமக்கு இது விளையாட்டாகத் தோன்றியது. பிறகு யோசித்தால், நகலுக்கும் அசலுக்கும் உள்ள நம் அலுவலக விதியும் அதுவேதான். மூலத்தில் எழுத்துப் பிழை இருந்தால் நகலிலும் இருக்க வேண்டும், குமாஸ்தா திருத்தலாகாது.

எல்லாவற்றையும் புதுப்பித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் அவர்களிடம் இல்லை. கென்டக்கி மாநிலத்தில் பௌலிங் கிரீன் என்னும் ஊரில் கார்வெட் வண்டிகளுக்கென்றே ஒரு காட்சிசாலை இருக்கிறது. 2014 பிப்ரவரி 12ஆம் தேதி விடியுமுன் அதன் ஒரு மண்டபத்துத் தரை உள்வாங்கி, எட்டு வண்டிகள் பள்ளத்தில் விழுந்தன. சுண்ணாம்புப் பாறைக் குகைகள் நிறைந்த பூமி அது. நல்லவேளையாக மண்டபத்தில் ஆள் இல்லை. எட்டில் மூன்றை மட்டுமே மீண்டும் சீராக்கினார்கள். பத்து இலட்சமாவது கார்வெட் அவற்றுள் ஒன்று. மற்ற ஐந்தையும் நசுங்கிய கோலத்திலேயே காட்சிக்கு வைத்தார்கள். அவற்றைப் பழையபடி ஆக்கப் புகுந்தால் பழைய வண்டியில் மிஞ்சுவது ஒன்றுமிராது. புதிதாக ஒன்று செய்து பழைய பெயரைச் சூட்டியதாகும் என்று கருதியதே காரணம். அந்த ஐந்தின் படத்தையும் மைத்துனர் முன்பே அனுப்பியிருந்தார். நாம் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மிசௌரி முதியவரின் வண்டிக்கு வருவோம். உடல் கண்ணாடி இழை, துருப்பிடிக்காது. ஆனால் அதனுள்ளே பயணி அறையைச் சுற்றி இரும்புச் சட்டக்கூடு ஒன்று இருக்கிறது. பறவைக்கூண்டு என்று அதைச் சொல்கிறார்கள். மேலே பளபளக்கும் வண்டி உள்ளே அந்தக் கூண்டு அரித்துப்போய் இருப்பதுண்டு. முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களையும் கதவின் அடியையும் பார்க்க வேண்டும். படங்களில் அவை சுத்தமாக இருந்தன. முன்சக்கரங்களுக்கு மேலே, உட்புறத்தில், உடலின் துண்டுகளை ஒட்டிய பட்டைகள் ஆலையில் வைத்தபடியே இருந்தன. விபத்தில் முகம் மாற்றிய வண்டியன்று என்பதற்கு அது சாட்சி. பிளந்த கண்ணாடியின் நடுத்தண்டும் அசல். முதியவர் பொறுமைசாலி என்பது ஒவ்வொரு திருகிலும் தெரிந்தது. பதினோராண்டுகள் தம் கைப்படச் செய்தாராம்.

பயணியின் முன்னுள்ள சிறு பெட்டிக்குக் கீழே இரண்டு தகடுகள். ஒன்றில் வண்டியின் எண். முதலில் உள்ள 3 என்பது ஆண்டு. 0837 என்பது கூரையுள்ள கார்வெட். S என்ற எழுத்து செயின்ட் லூயிஸ் ஆலை. பின் ஆறு இலக்கத் தொடர் எண். (பிறர் வண்டியாகையால் அதை இங்கே தரவில்லை.) மற்றொரு தகட்டில் சாயத்தின் குறியீடு 912. அது வெள்ளி கலந்த நீலம். சிவப்புக்கு 923 என்றிருக்க வேண்டும். ஆக, வண்டி நீலமாகப் பிறந்து சிவப்பாக மாறியிருக்கிறது. இதை முதியவர் விளம்பரத்திலேயே கூறியிருந்தார். மறைக்கவில்லை, குற்றமில்லை.

எஞ்சினில்தான் நம் கண் நின்றது. எஞ்சினின் முன்புறம், வலப்பக்கச் சிலிண்டர் மூடிக்கு முன்னே, இரண்டு விரல் அகலத்தில் ஒரு சமதளம். அதில் இரண்டு பொறிப்புகள் இருக்கும். ஒன்று எஞ்சின் ஆலையில் பொறித்தது: F0207RD. எஃப் என்பது ஃபிளின்ட். அடுத்த எண்கள் இரண்டாம் மாதம் ஏழாம் தேதி. கடைசி இரண்டு எழுத்துகள் முந்நூறு குதிரைச் சக்தி, கையால் கியர் மாற்றும் வண்டிக்குரியது என்பதைக் காட்டும். மற்றொன்று செயின்ட் லூயிஸில் பொறித்த வண்டியின் தொடர் எண். அது தகட்டோடு பொருந்தியது. ‘எண்கள் பொருந்தும்’ என்ற விளம்பர வாசகம் இதுவரை மெய். ஆனால் இரண்டு ஊர்களில், இரண்டு ஆட்கள், இரண்டு வேறு அச்சுகளால் அடித்த எழுத்துகள் ஒரே கையெழுத்தாக இருக்குமா? இங்கே ஒரே அச்சாகத் தெரிந்தன. ஆலையில் கடைந்தபோது விழுகின்ற மெல்லிய இணைகோடுகளும் அந்தத் தளத்தில் இல்லை, வழவழவென்றிருந்தது.

சந்தேகம் வேறு, சான்று வேறு. எஞ்சினின் உடல் இரும்பில் வார்த்தது; வார்த்த நாள் அதன் பின்விளிம்பில் புடைத்த எழுத்தாக இருக்கும். அதன் படம் விளம்பரத்தில் இல்லை. மைத்துனர் கேட்டு வாங்கி அனுப்பினார். B 14 3. மாதத்துக்கு ஓர் எழுத்து. பி என்றால் பிப்ரவரி. பதினான்காம் தேதி, 1963.

ஏழாம் தேதி பூட்டி முடித்த எஞ்சினைப் பதினான்காம் தேதி வார்த்திருக்கிறார்கள்!

சரக்கை ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே ஏற்றியாயிற்று என்று ரசீது எழுதினால் நம் மேலதிகாரி என்ன சொல்வார் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். வேறொரு வண்டியின் எஞ்சினைக் கொண்டுவந்து, முகத்தை இழைத்து, இந்த வண்டியின் எண்ணை யாரோ பொறித்திருக்கிறார்கள். முன்புறத்தை மாற்றியவர் பின்புறத்தைப் பார்க்க மறந்தார், அல்லது யாரும் பார்க்க மாட்டார்கள் என்று துணிந்தார்.

எஞ்சின் மாறியது பெரிதன்று. அறுபது ஆண்டு ஓடிய வண்டிக்கு எஞ்சின் மாறத்தான் செய்யும். நாம் பார்க்கும் வேகன்களில் சக்கரம் மாறாதது ஒன்றுகூட இருக்காது. இன்ன ஆண்டில் மாற்று எஞ்சின் பொருத்தப்பட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நாம் மறுபேச்சின்றி மைத்துனருக்குச் சரி என்று எழுதியிருப்போம். மாற்றிய பின் மாற்றவில்லை என்று இரும்பிலேயே எழுதினார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இந்த விஷயத்தில் நாம் கொஞ்சம் கடுமையானவர்தாம்.

ஆனால் எழுதியவர் அம்முதியவர் அல்லர். மைத்துனர் இரண்டு தேதிகளையும் பணிவாகக் குறிப்பிட்டு அவருக்குக் கடிதம் அனுப்பினார். நான்கு நாள் மறுமொழி இல்லை. ஐந்தாம் நாள் வந்தது. அவர் அந்த வண்டியை வாங்கியபோதே அசல் எஞ்சின் என்று சொல்லி, அதற்குரிய விலையை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்களாம். பதினோராண்டு அவர் இழைத்த இழைப்பெல்லாம் அந்த நம்பிக்கையின்மேல் நின்றது. கடிதம் கண்டபின் விளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் படுத்துத் தாமே பார்த்தாராம். ‘நீங்கள் சொன்னது சரி, நன்றி’ என்று இரண்டே வரி. அன்று மாலையே விளம்பரத்தில் அசல் என்ற சொல்லை நீக்கி, எஞ்சின் பிற்காலத்தது, முகப்பு எண் மெய்யன்று என்று எழுதி, விலையில் கால் பங்கைக் குறைத்துவிட்டார். வேறொருவர் என்றால் மைத்துனரை விட்டுவிட்டு, பின்விளிம்பைப் பார்க்கத் தெரியாத இன்னொருவருக்காகக் காத்திருப்பார்.

நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. பதினாயிரம் கல் தொலைவில், முன்பின் அறியாத ஒரு மூத்தவரின் உழைப்புக்கு நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விலை குறைத்துவிட்டோமே என்றிருந்தது. சொல்லாமல் இருந்திருந்தாலோ நஷ்டம் நம் மைத்துனருக்கு. அதாவது அத்தையின் கீழ்த்தள அறைக்கு. யாரோ ஒருவன் எப்போதோ ஒரு பட்டறையில் அரைமணி நேரத்தில் செய்த வேலை. அதன் நஷ்டம் கைமாறிக் கைமாறி வந்து, உண்மையாளர் ஒருவர் மடியில் விழுந்தது.

குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளலாமே என்று மைத்துனர் ஆடிப்போனது உண்மை. கடன் வேண்டாம், சேமிப்பிலும் கொஞ்சம் மிஞ்சும் என்று நமக்கே கணக்குப் போட்டு அனுப்பினார். நாம் எண்களைப் பற்றி மட்டும் எழுதினோம்: இப்போது விளம்பரத்தில் உள்ளது முழுதும் மெய், வண்டி நல்ல வண்டி, மற்றது உங்கள் குடும்பத்து விஷயம் என்று. அவர் மனைவியாரும் இரண்டு பிள்ளைகளும் என்ன சொன்னார்கள் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் முடிவுக்கு வருமுன்பே, மூன்றே நாளில், வேறு மாநிலத்தார் ஒருவர் விளம்பரத்தை வரிவரியாகப் படித்துப் பார்த்து, கேட்ட விலையைக் கொடுத்து ஓட்டிச் சென்றுவிட்டார். போட்டிக்கு அனுப்ப அன்று, ஓட்டுவதற்காகவே வாங்கினாராம். முதியவர் இச்செய்தியை மைத்துனருக்குத் தாமாகவே எழுதித் தெரிவித்தார்.

மைத்துனர் பத்து நாள் நம்மோடு பேசவில்லை. பதினோராம் நாள் ஒரு படம் வந்தது. 1967ஆம் ஆண்டுக் கார்வெட். பெட்ரோல் தொட்டியின் மேல் ஆலையார் ஒட்டிய பழுப்பேறிய காகிதம், அந்த வண்டியில் என்னென்ன பொருத்தினார்கள் என்ற பட்டியலோடு. “அத்தான், இதில் ரசீதே இருக்கிறது!” என்று எழுதியிருந்தார்.

அத்தை அப்போது நம் அருகிலேதான் உட்கார்ந்திருந்தார். இதற்குள் அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். மாமனார் இருந்தால் இதை விடியவிடியப் பார்த்துக்கொண்டிருப்பார் என்றார். பிறகு, “இதில் எத்தனை பேர் உட்காரலாம்?” என்று கேட்டார்.

இரண்டு பேர் என்றோம்.